டெல்ஃபியா கொடுக்காத நம்பர்

“நீ எப்படிக் கேட்டாலும் சரி, கொடுக்க மாட்டேன்.”

“ஒரு போன் நம்பர்தானே கேக்கறேன்? உங்க கிட்னியையா கேக்கறேன்?”

“கிட்னின்னா யோசிச்சிருப்பேன். எங்கிட்ட ரெண்டு இருக்கு. நம்பர் ஒண்ணுதான்.”

“வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டைச் சரி பண்ணலேன்னா எங்களைக் கிளப்பிடுவாங்க. தெரியும்ல?”

“தெரியும். வயிறு எரியுது எனக்கு. காப்பி குடிக்கறியா?”

என் மனைவி ஓலீட்டா காப்பி வேண்டாம் என்றாள். பக்கத்து வீட்டு டெல்ஃபியாவின் சமையலறை மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, எழுந்திருக்கப்போவதில்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். நான் வாசற்படியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை உள்ளே வரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

டெல்ஃபியாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ட்ரெய்லர் பார்க்கில் நாற்பத்து மூன்று வீடுகள். எல்லாம் எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்து, சக்கரத்தில் ஏற்றி, மேற்கு வர்ஜீனியாவின் இந்த மலைச்சரிவுக்கு இழுத்து வந்தவை. வந்ததும் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கான்கிரீட் கட்டைகளை அடுக்கி அவற்றின்மேல் உட்கார வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு குளிர்காலம்தோறும் மண் உறைந்து உப்பும், மார்ச் மாதம் இளகி அமுங்கும். கட்டைகள் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு இறங்கும். மேலே இருக்கும் வீடு என்ன செய்யும்? அதுவும் சாயும்.

நல்ல மீன் கிடைக்கும் மடுவை யாரும் அடுத்தவனுக்குக் காட்டுவதில்லை. எங்கள் பார்க்கில் நல்ல ரிப்பேர் ஆளின் நம்பரும் அப்படித்தான். சொன்ன நாளில் வந்து, சொன்ன வேலையை முடித்துவிட்டுப் போகும் ஆள் ஒருவர் கிடைத்துவிட்டால் ஊருக்குத் தெரியாமல் பொத்தி வைத்துக்கொள்வார்கள். எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் ஒருவர் மட்டும், தேவாலயத்து விருந்தில் கோழிக்காலைக் கடித்த குஷியில், கூரை சரிசெய்யும் ஆளின் பெயரை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அடுத்த மழைக்கு அவருடைய கூரையே ஒழுகியபோது அந்த ஆளுக்கு வர நேரமில்லை. ஐந்து மாதம் அண்டாவுக்கும் வாளிக்கும் நடுவில் தூங்கினார் மனிதர்.

டெல்ஃபியாவின் வீடோ பார்க்கிலேயே நேரான வீடு. தரையில் முட்டையை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். அதை நேராக்கியது யார் என்று பதினோரு வருடமாக அவள் மூச்சுவிட்டதில்லை.

“சரி,” என்றாள் ஓலீட்டா. “நாங்க போயிட்டா அந்த இடத்துக்கு யாரு வருவாங்கன்னு நினைக்கறீங்க?”

“யாரோ வருவாங்க.”

“யாரோ இல்ல. பின்தெரு லோன்சோவோட மருமகன் ஏற்கெனவே ஆபீஸ்ல கேட்டுட்டுப் போயிருக்கான். மூணு மோட்டார் சைக்கிள் வச்சிருக்கான். அப்புறம் ஒரு டிரம் செட்டு.”

டெல்ஃபியாவின் காப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

“டிரம் செட்டா?”

“பெருசு.”

டெல்ஃபியா எழுந்துபோய், சோளமாவு டப்பாவைத் திறந்து, உள்ளே கையைவிட்டு, மாவு படிந்த ஒரு காகிதத் துண்டை எடுத்தாள். அப்போதும் கொடுக்கவில்லை. மேசைக்கடியில் படுத்திருந்த தன் நாய் பிஸ்கட்டை இழுத்து நடுவில் உட்கார வைத்தாள்.

“இது தலையில கை வச்சு சத்தியம் பண்ணுங்க. ரெண்டு பேரும். லோவெல், நீயும் வா இங்க. இந்த நம்பர் உங்களைத் தாண்டி ஒரு ஈ காக்காய்க்குப் போகக்கூடாது. போச்சுன்னா இந்த நாய் முகத்துல நீங்க முழிக்கவே கூடாது.”

நான் உள்ளே போய் பிஸ்கட்டின் தலையில் கை வைத்தேன். அது என் விரலை நக்கியது. சத்தியம் முடிந்தது.

*

எங்களுக்கு வந்த வினையைச் சொல்லிவிடுகிறேன். பார்க்கைப் புதிதாக வாங்கியவர்கள் எல்லா வீட்டையும் பார்வையிட்டார்கள். எங்கள் கதவில் ஆரஞ்சு நிறக் காகிதம் ஒன்று ஒட்டப்பட்டது. பதினான்கு நாளைக்குள் வீட்டை மட்டமாக்க வேண்டும், இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். காலி செய்வது என்றால் வீட்டையும் எடுத்துக்கொண்டு போவது. எங்கள் வீடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் செய்தது. அவ்வளவு பழைய வீட்டை வேறு எந்தப் பார்க்கும் உள்ளே விடாது. இழுத்தால் முதல் வளைவிலேயே இரண்டாக விட்டுப்போகும். பெயர்தான் நகரும் வீடு. நகர்ந்தால் செத்துவிடும்.

மேனேஜர் கோரினிடம் கூடுதலாக ஒரு வாரம் கேட்கப் போனேன். அவளும் ஒரு ட்ரெய்லரில்தான் ஆபீஸ் நடத்துகிறாள். அதன் கதவை ஒரு ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தாள்.

“என் கையில ஒண்ணும் இல்ல லோவெல். மேல இருந்து சொல்றாங்க, நான் செய்யறேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருவேன். கோலிகுண்டு கொண்டு வருவேன். உருண்டா போச்சு, உருளலைன்னா ஆச்சு.”

அதன்பின் பத்து நாள் போனும் கையுமாக இருந்தோம். டெலிபோன் புத்தகத்தின் மஞ்சள் பக்கங்களில் இருந்த அத்தனை ரிப்பேர்காரர்களும் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“வீட்டுக்குச் சக்கரம் உண்டா?”

“இருந்துச்சு. கழட்டியாச்சு.”

“ஓ. அந்த மாதிரி வீடா. அதெல்லாம் நாங்க பாக்கறதில்ல.”

ஒருவன் வந்தான். குனிந்து அடியில் எட்டிப் பார்த்தான், உள்ளிருந்து இரண்டு கண்கள் அவனைப் பார்த்தன. பெருச்சாளியைப்போல இரண்டு மடங்கு இருக்கும் ஒப்போசம் ஒன்று குடும்பத்தோடு அங்கே குடியிருந்தது. சாமான் எடுத்து வருகிறேன் என்று வண்டியில் ஏறியவன் இன்றுவரை சாமானைத் தேடிக்கொண்டிருக்கிறான். இன்னொருவன் செவ்வாய்க்கிழமை என்றான், எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஓலீட்டா எல்லோரிடமும் ஒன்று சொல்வாள். “கதவு, ஜன்னல் எல்லாம் எங்க வீட்டுக்காரரே பாத்துக்குவாரு. அதுல அவரு கெட்டிக்காரரு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டாருன்னா கதவு வெண்ணெய் மாதிரி மூடும். அடிப்பக்கம் மட்டும் ஆள் வேணும்.”

அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

*

அந்த நம்பரில் எடுத்தது ஒரு பெண். பெயர் ட்ரூடி. சக்கரத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.

“எந்த வருஷத்து வீடு? எந்தப் பக்கம் இறங்கியிருக்கு? மார்ச் மாசம் வந்தா எந்தக் கதவு முதல்ல முரண்டு பிடிக்கும்?”

மூன்றாவது கேள்வி வந்ததும் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன். “எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்,” என்றேன்.

“வியாழக்கிழமை ஏழரைக்கு வர்றேன்.”

வியாழக்கிழமை ஏழு இருபத்தைந்துக்கு வந்து, ஏழரை ஆகும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். குள்ளம், அகலம். அடியை மறைக்கும் தகட்டைக் கழற்றி, ஒப்போசத்தைப் பார்த்து, “எழுந்திரிங்கம்மா, வேலை இருக்கு,” என்றாள். அது குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு அவளைத் தாண்டி நடந்து போயிற்று.

பிறகு ஒரு நீளக் கண்ணாடிக்குழாயை வண்டியிலிருந்து உருவினாள். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக்தான். உள்ளே செர்ரி ஜூஸ் பொடி கலந்த சிவப்புத் தண்ணீர். ஒரு முனை வீட்டின் இந்தப் பக்கம், மறுமுனை அந்தப் பக்கம். தண்ணீர் இரண்டு முனையிலும் ஒரே உயரத்தில் நிற்கும், வீடுதான் நிற்கவில்லை. வடக்கு முனை மூன்று அங்குலம் கீழே இருந்தது.

“என் வேலைக்கு ரெண்டு சாட்சி வேணும்,” என்றாள் ட்ரூடி. “ஒண்ணு இந்தத் தண்ணி. இன்னொண்ணு உங்க வீட்டுக் கதவுங்க. நான் கீழ ஜாக்கி வச்சுத் தூக்கத் தூக்க, அம்மா, நீங்க உள்ள ஒவ்வொரு கதவா மூடிப் பாத்துச் சொல்லணும். வீடு நேராச்சுன்னா கதவு தானா சொல்லும். தண்ணியும் கதவும் ஒரே பேச்சு பேசினாத்தான் நான் ஜாக்கியை எடுப்பேன்.”

ஓலீட்டா உற்சாகமாக உள்ளே போனாள். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ட்ரூடியின் பின்னால் வீட்டுக்கடியில் ஊர்ந்தேன். ஈர மண், சிலந்தி வலை, குளிருக்காக அடைத்துத் தொங்கும் பஞ்சு. தலைக்கு மேல் ஓலீட்டாவின் காலடி டொக் டொக்கென்று கேட்டது.

ட்ரூடி ஜாக்கியின் கைப்பிடியை அழுத்தினாள். வீடு முனகியது. ஆப்பு வைத்தாள். மறுபடி அழுத்தினாள். மேலே சமையலறை அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசின.

“எப்படிம்மா இருக்கு?” என்று தலைக்கு மேலிருந்த தரையைப் பார்த்துக் கத்தினாள்.

“முன்னாடி எல்லாம் நல்லா மூடிச்சு!” என்று மேலிருந்து குரல் வந்தது. “நீங்க தூக்கத் தூக்க ஒண்ணும் மூட மாட்டேங்குது!”

ட்ரூடி என்னைப் பார்த்தாள். நான் டார்ச்சைப் பார்த்தேன்.

மதியத்துக்குள் வீட்டின் இரண்டு முனையும் சிவப்புத் தண்ணீரோடு சுத்தமாக ஒரே கோட்டில் நின்றன. மேலே கதவுகளின் நிலைமை வேறாக இருந்தது. படுக்கையறைக் கதவுக்கு மேல் ஒரு மூலையில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் தன் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. அலமாரிக் கதவு திறந்தே நின்றது.

ட்ரூடி மல்லாந்து படுத்து, வீட்டைத் தாங்கும் நீள இரும்பு உத்தரத்தில் கை வைத்துத் தடவினாள். முகம் மாறிவிட்டது.

“தண்ணி நேருங்குது, கதவு கோணலுங்குது. இருபத்திரண்டு வருஷத்துல நான் இதை ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன். ரெண்டு தடவையும் உத்தரம் நடுவுல வளைஞ்சிருந்தது.”

“வளைஞ்சிருந்தா?”

“வளைஞ்ச இரும்பை நிமித்த முடியாதுங்க. வீடு முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். நான் இதை இப்படி விட்டுட்டுப் போனா நாளைக்குக் கோலி நிக்கும், அடுத்த மாசம் உங்க தலையில கூரை நிக்கும். அப்படி ஒரு வீட்டை நேராயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போக என்னால முடியாது. அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்.”

ஜாக்கியின் கைப்பிடியைத் திருகி இறக்கப்போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“உத்தரம் வளையலை.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கதவு பொய் சொல்லுது.”

“கதவு எதுக்குங்க பொய் சொல்லணும்?”

“நான் சொல்லிக் கொடுத்தேன்.”

ஈர மண்ணில் வயிற்றை அழுத்திப் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது வருடம். ஒவ்வொரு மார்ச்சிலும் கதவுகள் இறுகும். ஓலீட்டா பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேலைக்குப் போனதும் நான் டயர் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கதவை ஒவ்வொன்றாகக் கழற்றி, மேல் விளிம்பை இழைப்புளியால் சீவி, திரும்ப மாட்டிவிடுவேன். வீடு இந்த வருடம் எவ்வளவு சாய்ந்ததோ அவ்வளவு. சீவலைக் கூட்டி எடுத்துக்கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பையில் போட்டுவிட்டு, சாயங்காலம் ஒன்றும் தெரியாதவன்போல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன் என்பேன். அவள் இந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுப்பாள்.

“ஆறு கதவுமா?”

“ஆறும். அலமாரிக் கதவும்.”

“வேற?”

“வேறன்னா... மேசைக்கால்ல ஆப்பு வச்சிருக்கேன். ஃப்ரிட்ஜுக்கும். படமெல்லாம் கண்ணுக்கு நேராத் தெரியற மாதிரி கோணலா மாட்டியிருக்கேன்.” பேச ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. “சோள ரொட்டியை அடுப்புக்குள்ள வைக்கும்போது சட்டியை ஒரு மாதிரி திருப்பி வைப்பேன். மாவு ஒரு பக்கமா ஓடி, தடிமனான பக்கம் எனக்கு வரும்.”

“ஓ,” என்று ஒரு குரல் கேட்டது. “அதான் எனக்கு எப்பவும் அப்பளமா?”

ட்ரூடியின் வாய் மூடியிருந்தது. குரல் எங்கள் தலைக்கு மேலிருந்து வந்தது. எங்கள் மாதிரி வீடுகளில் சூடான காற்று தரை வழியாகத்தான் வரும். தரையில் அங்கங்கே சல்லடைத் தகடு போட்ட ஓட்டைகள். கீழே குசுகுசுத்தால் மேலே ரேடியோ மாதிரி கேட்கும். பதினெட்டு வருடம் அங்கே குடியிருந்தும் அது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

“ஓலீட்டா?”

“சொல்லு கண்ணு. எண்ணெய் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லு. நல்லாக் கேக்குது.”

ட்ரூடி மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. இருமுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். பிறகு சீரியசாகி, ஒரு நூலை எடுத்து உத்தரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்துக் கட்டினாள். டார்ச்சை அதன்மேல் மெதுவாக நகர்த்தச் சொன்னாள். நூலும் இரும்பும் ஒட்டிக்கொண்டே போயின. நடுவில் ஒரு மயிரிழை விலகவில்லை.

“நல்ல உத்தரம்,” என்றாள். “இந்த வீட்டுல கோணலா இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்.” என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேலே குரல் கொடுத்தாள். “அம்மா! வீடு பிழைச்சிருச்சு!”

மேலே நாற்காலியில் யாரோ தொப்பென்று உட்காரும் சத்தம் கேட்டது. அவள் அழுதாளா சிரித்தாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அன்று பிற்பகல் முழுக்க எனக்குத் தண்டனைக் காலம். ட்ரூடி கட்டைகளை இறுக்கி, அடித்தகட்டை மூடிக்கொண்டிருந்தாள். நான் வெளியே இரண்டு மரத்தாங்கிகள்மேல் கதவுகளைக் கிடத்தி, ஒன்பது வருடமாகச் சீவியதை மெல்லிய மரச்சட்டம் வைத்து ஒட்டி ஆணியடித்துத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசற்கதவும் படுக்கையறைக் கதவும் முடிந்தன. மற்றவை இன்னும் பாக்கி. ஓலீட்டா வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஆப்புகளைப் பிடுங்கி, பிடுங்கியதையெல்லாம் ஜன்னல் வழியாக என் பக்கம் எறிந்தாள். ஒன்றிரண்டு என்மேலும் பட்டது. குறி தப்பியதா, தப்பவில்லையா என்று சொல்வதற்கில்லை.

கிளம்பும் முன்பு ட்ரூடி, அதுவரை தொடாத காப்பியை வாங்கிக் குடித்தாள். வேலை முடியாமல் எந்த வீட்டிலும் காப்பி குடிக்க மாட்டாளாம்.

“அடுத்த மார்ச்ல கதவு இறுகுச்சுன்னா எங்கிட்ட சொல்லுங்க,” என்றாள் ஓலீட்டாவிடம். “இவர்கிட்ட சொல்லாதீங்க. இழைப்புளி எங்க இருக்கு?”

“என் தலையணைக்கு அடியில,” என்றாள் ஓலீட்டா.

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் கோரின் வந்தாள். அட்டையில் காகிதத்தைச் செருகி, சட்டைப் பையில் கோலிகுண்டோடு. சமையலறை நடுவில் குந்தி உட்கார்ந்து, பச்சைக் கோலியைத் தரையில் வைத்துக் கையை எடுத்தாள்.

நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அது எங்களைப் பார்த்தது. ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி நின்றது. கோலி அசையவில்லை.

ஹாலில் வைத்தாள். படுக்கையறையில் வைத்தாள். வடக்கு மூலையில், முன்பெல்லாம் உருளைக்கிழங்கு கீழே விழுந்தால் நான் போய்ப் பொறுக்கும் மூலையில் வைத்தாள். அங்கேயும் அது, சொந்த வீட்டில் இருப்பதுபோல், வைத்த இடத்தில் இருந்தது.

கோரின் எழுந்து காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதியைக் கிழித்து ஓலீட்டாவிடம் கொடுத்தாள். ஓலீட்டா அதை நான்காக மடித்து, கவுனுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அடுப்பைத் திறந்து சோள ரொட்டியை வெளியே எடுத்தாள். ஒன்பது வருடத்தில் முதன்முறையாக அது எல்லாப் பக்கமும் ஒரே உயரம். எனக்கு வெட்டி வைத்த துண்டு மட்டும் எப்படியோ சின்னதாக இருந்தது.

“சாப்பிட்டுப் போங்க கோரின்,” என்றாள்.

கோரின் நின்றுகொண்டே சாப்பிட்டாள். வேலை முடிந்த பிறகும் போகவில்லை. வாசற்கதவைத் திறந்தாள், மூடினாள். திறந்தாள், மூடினாள். தாழ்ப்பாள் க்ளிக்கென்று விழும் சத்தத்தை, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள்.

“விரல் பட்டாலே மூடுது,” என்றாள்.

“ஆமா.”

“எங்க ஆபீஸ் கதவு ரெண்டு வருஷமாச்சு. தோள் கொடுத்துத் தள்ளினாத்தான் மூடும், கயிறு கட்டினாத்தான் நிக்கும். மேல எழுதிப் போட்டேன். பதிலே இல்ல. நானும் பதினஞ்சு பேருக்குப் போன் பண்ணிட்டேன். எல்லாரும் சக்கரம் இருக்கான்னு கேக்கறாங்க.”

நானும் ஓலீட்டாவும் ஒரே நேரத்தில் ரொட்டித் தட்டைப் பார்த்தோம்.

திறந்த கதவு வழியாகப் பக்கத்தில் டெல்ஃபியாவின் ஜன்னல் தெரிந்தது. திரைச்சீலை ஒதுங்கியிருந்தது. டெல்ஃபியா இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் இடுப்புயரத்தில், ஜன்னல் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி, பிஸ்கட் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

கோரின் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு படி கீழே இறங்கினாள். திரும்பினாள். மேனேஜர் குரல் போய்விட்டிருந்தது.

“லோவெல், உங்க வீட்டை நேராக்கினது யாருன்னு கேக்கலாமா? ஒரு நம்பர் மட்டும் போதும். யார் கொடுத்தாங்கன்னு சத்தியமா மூச்சு விட மாட்டேன். தர்றீங்களா?”